தூதருக்காக என் வீட்டு வாசலில் நிற்கும் போலீஸ்

அனுப்புநர்:
ம. அற்புதசாமி,
தையற்கடை, பாலக்கரை,
திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
உயர்திரு ஜில்லா போலீஸ் சூப்பரிண்டெண்டு அவர்கள்,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: தூதர் திரு. எஸ். ரத்தினவேல் அவர்களின் நன்னடத்தை விசாரணையால் என் மகளின் கல்யாணம் தடைப்படுவது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி ரத்தினவேலும் நானும் ஐந்தாம் பாரம் வரை ஒரே பெஞ்சில் படித்தவர்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து பாலம் தாண்டி நடந்தே பள்ளிக்கு வருவார். அவர் பாஸ் செய்து பெரிய உத்தியோகத்திற்குப் போனார். நான் கணக்கில் தவறி, அப்பாவின் தையல் மிஷினுக்கு வந்து சேர்ந்தேன். இதில் எனக்கு யார் மீதும் வருத்தமில்லை.

2. 1948-ல் வெளிநாட்டு இலாகாவுக்கு எடுக்கப்பட்டபோது, சொந்த ஊரில் தம்மை அறிந்தவர் என்று அவர் என் பெயரை எழுதிக் கொடுத்தார். அவர் குடும்பம் அதற்குள் சென்னைக்குக் குடிபோய்விட்டது. அன்று முதல் அவருக்குப் பதவி உயர்ந்தாலும், நாடு மாறினாலும், என் வீட்டுக்குப் போலீஸ் வருகிறது. இதுவரை ஒன்பது தடவை. அவர் டில்லியில் செயலாளர் ஆனதும் ஆப்பிரிக்க நாடு ஒன்றுக்குத் தூதராகப் போனதும் பத்திரிகைக்கு முன்பே எனக்குத் தெரியும்.

3. விசாரணைக்கு வரும் ஹெட் கான்ஸ்டபிள் ஜெகபர் சாதிக் தங்கமான மனிதர். ஆனால் வந்து போனதற்கு அக்கம்பக்கத்தார் இருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். சென்ற தடவை எதிர்வீட்டு வியாகுலம்மாள் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "இந்தத் தடவை என்னங்க பண்ணிட்டாரு?" என்று கேட்டதை என் காதால் கேட்டேன்.

4. ரத்தினவேல் குடிப்பாரா, சூதாடுவாரா, ராஜத்துரோகக் கூட்டங்களுக்குப் போவாரா என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறார்கள். இல்லை என்றே சொல்லி வருகிறேன். பள்ளியில் என்னிடம் வாங்கிய ஜியோமெட்ரி பெட்டியை அவர் இன்றுவரை திருப்பித் தரவில்லை. தேச நலன் கருதி அதை வாக்குமூலத்தில் சேர்க்கவில்லை.

5. என் மகள் லூர்துராணிக்கு இருபத்து நான்கு வயது. பொன்மலையிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் வாசலில் போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பியைக் கண்டதும் காபியைக் குடிக்காமலே எழுந்து போனார்கள். மணப்பாறை வரன், தெருவில் விசாரித்துவிட்டு ஒரு கார்டோடு முடித்துக்கொண்டது. பிள்ளை அந்தக் கார்டை யாருக்கும் காட்டாமல் மடித்து வைத்திருக்கிறாள்.

6. வேறு யார் பெயரையாவது எழுதும்படி தூதருக்கே கடிதம் போட்டேன். "ஊரில் என்னை அறிந்தவன் உன்னைவிட்டால் யாரடா இருக்கிறான்?" என்று பதில் எழுதியிருந்தார். அதைப் படித்த பிறகு கோபப்படவும் முடியவில்லை.

7. நேற்றைய பத்திரிகையில், அவரை வேறொரு நாட்டுக்கு மாற்றப் போவதாகச் செய்தி. இந்தத் தடவை பத்திரிகை முந்திக்கொண்டது. ஆக, ஜெகபர் சாதிக் இனிமேல்தான் வருவார். வருகிற ஞாயிறு, 18-ஆம் தேதி, பூசை முடிந்ததும் லால்குடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள்.

8. அன்று ஒரு நாள் மட்டும் போலீசார் வராதிருக்க உத்தரவிட வேண்டுகிறேன். விதி அதற்கு இடம் தராவிட்டால் வரட்டும், காபி தருகிறேன். ஆனால் என்னைப் பற்றி நான்கு வார்த்தை எழுதி, தங்கள் முத்திரையிட்டு அவர் கையில் கொடுத்தனுப்புங்கள். பதின்மூன்று வருஷமாக ஒரு தூதரை நல்லவர் என்று நான் சொல்ல, சர்க்கார் நம்பி வருகிறது. நானும் நல்லவன்தான் என்று சர்க்கார் ஒரே ஒரு தடவை சொன்னால், லால்குடிக்காரர்கள் நம்புவார்கள்.

திருச்சிராப்பள்ளி,
12-6-1961.

தங்கள் கருணையை நம்பியிருக்கும்,
(ஒப்பம்) ம. அற்புதசாமி