பாட்டு நடுவே ஓர் இருமல்

மார்ச் 4
இன்று நான் பாடகன் ஆனேன். மகளின் பாட்டு டீச்சர் சொல்லிவிட்டாராம்: வகுப்பில் ஆறு மொழிப் பிள்ளைகள், அவரவர் வீட்டில் ஓடும் பாட்டுதான் இந்தப் பருவத்துப் பாடம். மகள் ரெக்கார்டு பண்ண போனை நீட்டினாள். "ஷேவ் பண்ணும்போது பாடுவீங்களேப்பா, லிஃப்ட் பாட்டு!" அவள் சாப்பிட அடம்பிடித்த வயதில், ஒரு சினிமா மெட்டைத் திருடி நான் கட்டியது. 'கதவு தொறக்குது, வாயும் தொறக்குது, மேல போகுது ஒரு வாய்.' நடுவில் இருமிவிட்டேன். "பரவால்லப்பா, போதும்." பத்தாவதைத் தாண்டாத லிஃப்ட் மெக்கானிக், இனி ஹைஸ்கூல் பாடம்!

மார்ச் 11
வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து ஒருவர் வகுப்புக்குப் போய்ச் சேர்ந்து பாட வேண்டுமாம். லீவு சொல்லியாயிற்று. சட்டைக்கு இஸ்திரி. தொண்டைக்கு வெந்நீர். என் அலப்பறைக்கு மனைவி சிரிக்கவே இல்லை. ஏன்?

மார்ச் 14
"டீச்சருக்குக் காய்ச்சல்பா. கேன்சல்." இஸ்திரி வீண்.

மார்ச் 17
வேலைக்குப் போன கட்டிடத்தில் மகளின் தோழியுடைய அப்பா, தையல்காரர். "வெள்ளிக்கிழமை உங்க மச்சான் கிட்டாரோட வந்து அசத்திட்டாரே! நீங்க ஏன் வரல?"
லிஃப்ட் நன்றாகத்தான் ஓடியது. எனக்குத்தான் கயிறு அறுந்தது.
மகள், மனைவி, அவள் தம்பி — மூணு பேருக்கும் தெரியும். அன்னிக்கு என்கூடத்தானே உக்காந்து சாப்பிட்டாங்க? 'பாவம் டீச்சர், சீக்கிரம் சரியாகட்டும்'னு நான் சொன்னப்போ மச்சான் தலையாட்டினானே!

மார்ச் 18
கேட்டேன்.
"உங்களுக்குச் சுருதியே சேராதுப்பா. எல்லாரும் சிரிப்பாங்க."
சிரிக்கத்தானே அதைக் கட்டினேன்? முதலில் சிரித்ததே நீதானே?

மார்ச் 19
ஷேவிங். சத்தமில்லாமல். கன்னத்தில் இரண்டு வெட்டு.

மார்ச் 21
டீச்சர் போன் செய்தார்.
"வெளியூர்லேருந்து வந்துட்டீங்களா சார்?" ஓ, அப்படியா சொல்லி வைத்திருக்கிறாள்.
"பசங்க உங்க ரெக்கார்டிங்கக் கேட்டுத்தான் கத்துக்கிட்டாங்க. உங்க மச்சான் சுத்தமா பாடினாரு. ஆனா அந்த இடம் வந்ததும் வகுப்பே சேர்ந்து இருமிடுச்சு! மனுஷன் வெலவெலத்துப் போயிட்டாரு. திங்கக்கிழமை நீங்க வந்து பாடுங்களேன். இருமலோட."
சிரித்துத் தொலைத்தேன். பிறகு கேட்டேன், "எம் பொண்ணும் இருமினாளா?"
"அவ குனிஞ்சுக்கிட்டா சார்."
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 23, ஞாயிறு
ஷேவிங். பாடவில்லை. குளியலறைக் கதவுக்கு வெளியே காலடிச் சத்தம் வந்து நின்றது. பிறகு ஓர் இருமல். என் இருமலேதான், அச்சு அசல். கொஞ்சம் பொறுத்து, இன்னொன்று.
நான் பதிலுக்கு இருமவில்லை. குழாயைத் திறந்துவிட்டேன்.
சட்டை கசங்கிக் கிடக்கிறது. நாளைக்கு மறுபடி இஸ்திரி போட வேண்டும்.