பம்பை அடிப்பதற்குள்

பிள்ளையார்பாளையம்,
22-7-1968, இரவு

அன்புள்ள வேணி அக்காவுக்கு,

இதைப் படித்ததும் கிழித்துவிடு. விடுதியில் யாருக்கும் காட்டாதே, உன்னைப் பெற்ற பெரியம்மாவுக்குக்கூட. பதிலை என் தோழி நசீம் பானு வீட்டு விலாசத்துக்குப் போடு, பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிடுவாள்.

ஆடி முதல் வெள்ளியன்று அம்மன் கோயிலில் கைலாசம் சித்தப்பா பம்பை மேளம் அடித்தார். எனக்குக் கண் இருட்டிக் கீழே விழுந்துவிட்டேன். தாகத்தில் "தண்ணி, தண்ணி" என்று முனகினேனாம். அன்று இரவே மழை கொட்டியது. அவ்வளவுதான், என்மேல் அம்மன் இறங்கியிருக்கிறாள் என்று தெருவே முடிவு கட்டிவிட்டது. இனி வெள்ளிதோறும் எங்கள் வீட்டிலேயே பம்பை அடித்து என்னிடம் குறி கேட்கப் போகிறார்கள்.

"எனக்குப் பரீட்சை இருக்குது சித்தப்பா" என்றேன்.

"படிச்சி இன்னாமா கிழிக்கப்போற? ஊரே உன் கால்ல வந்து விழுது. பேசாம குந்து" என்றார்.

அம்மா என் எதிரில் உட்கார்ந்து சாப்பிடக்கூடக் கூசுகிறாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நீ மனோதத்துவம் படிக்கிறாயே. எனக்கு என்ன ஆகிறது? அம்மன்தானா? பைத்தியமா? பயமாக இருக்கிறது அக்கா.

உன் தங்கை,
காந்தா

சென்னை,
24-7-1968

என் காந்தாக் குட்டிக்கு,

கிழித்துவிட்டேன். உனக்குப் பைத்தியமெல்லாம் இல்லை. ஆனால் நான் கல்லூரியில் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது, நாலு பாடம் தெரிந்த டாக்டர் என்று நினைத்துக்கொள்.

மனம் என்பது தத்துவம் பேசுகிறவர்களின் சொத்தாகத்தான் இருந்ததாம். ஜெர்மனியில் வுண்ட் என்பவர் 1879-இல் அதற்கென்றே ஓர் ஆய்வுக்கூடம் வைத்தார். ஒரு சத்தத்தைக் கேட்கச் செய்து, கேட்டவரையே "உள்ளே என்ன நடந்தது, சொல்" என்பாராம். ருஷ்யாவில் பாவ்லோவ் என்பவர் நாய்க்குச் சோறு வைக்கும்போதெல்லாம் ஒரு சத்தம் எழுப்பினார். பிறகு சத்தம் மட்டும்; சோறில்லாமலே நாய்க்கு எச்சில் ஊறியது. உடம்பு நம்மைக் கேட்காமலே ஒன்றோடு ஒன்றை முடிந்து வைத்துவிடுகிறது.

பம்பைச் சத்தத்தோடு உன் உடம்பு எதை முடிந்து வைத்திருக்கிறது? விழுமுன் உள்ளே கவனித்துப் பார்.

அதுவரை சித்தப்பாவோடு சண்டை வேண்டாம். யாராவது கேட்டால் அம்மன் குரலிலேயே நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிடேன். யாருக்கு நஷ்டம்?

அன்புடன்,
வேணி

பிள்ளையார்பாளையம்,
1-8-1968, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

கவனித்தேன். போன வெள்ளி பம்பை ஆரம்பித்ததும் உள்ளங்கை சில்லிட்டது. அப்புறம் முடி கருகும் வாடை. அங்கே கற்பூரம்கூட ஏற்றவில்லை அக்கா! அந்த வாடைக்குப் பிறகுதான் கண் இருட்டியது.

மறுநாள் அம்மாவைக் கேட்டேன். "தென்னேரி திருவிழாவுல எவனோ தீச்சட்டிய உன் தல மேல சாச்சிட்டான்மா. அப்ப மூணு வயசு உனக்கு. பம்பைக்காரங்க நடுவுல மாட்டிக்கினு அலறுன" என்று அழுதுவிட்டாள். என் காதுக்குப் பின்னால் இருப்பதை மச்சம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். பம்பை கேட்டு விழுகிறவள் அந்த மூன்று வயதுக் காந்தாதான்.

இப்போது கேள். அடுத்த தெருப் பொன்னியம்மாளின் மகளுக்கு ஞாயிறு முதல் காய்ச்சல். இன்று வலிப்பும் வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால், "வெள்ளிக்கிழமை அம்மன் உத்தரவு குடுக்கட்டும்" என்கிறாளாம். நாளை வெள்ளி. பம்பை அடித்தால் நான் விழுந்துவிடுவேன். நான் முனகுவதற்கெல்லாம் சித்தப்பாதான் அர்த்தம் சொல்கிறார்.

அம்மன்போல் நடித்து, போ என்று நான் சொன்னால் போவாள்தான். ஆனால் அடுத்த வெள்ளி இன்னொருத்தி வருவாளே அக்கா. எனக்கு மருந்தும் தெரியாது, மழையும் தெரியாது. நீ சொன்னதை இந்த ஒன்றில் மட்டும் கேட்கமாட்டேன். விடிகாலையில் அவள் வீட்டுக்குப் போய்த் தழும்பைக் காட்டி, என் சொந்தக் குரலிலேயே சொல்லப்போகிறேன். சித்தப்பா அடித்தாலும் சரி. அவள் நம்பாவிட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நானே ஆஸ்பத்திரிக்கு நடப்பேன். போகிற வழியில் இந்தக் கடிதத்தையும் தபாலில்

யாரோ வாசல் கதவைத் தட்டுகிறார்கள். "தாயே! புள்ள கண்ணு சொருகிக்கினு போவுது, தாயே!" பொன்னியம்மாள்தான். கூடத்தில் படுத்திருந்த சித்தப்பா எழுந்துவிட்டார். ஆணியிலிருந்து பம்பையை எடுக்கிறார். அவர் அடிப்பதற்குள் நான் போய்க் கதவை