அண்ணன் சொன்ன சட்டை

ஆகஸ்ட் 4, செவ்வாய்

இன்றும் அம்மா எழுந்திருக்கவில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் செய்து கம்பி வைத்து, 'இனி நடக்க வையுங்கள்' என்று டாக்டர் வீட்டுக்கு அனுப்பியும் ஆயிற்று. வாக்கர் கட்டிலோரம் நிற்கிறது. அதில் அம்மா துண்டைக் காயப்போட்டிருக்கிறாள்.

பிசியோதெரபிதான் என் பிழைப்பு. நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் யார் யாரையோ நடக்க வைத்துவிட்டு வருகிறேன். என் ஒரு அதட்டலுக்கு லாரி டிரைவர் எழுந்து நிற்கிறார், போலீஸ்காரர் எழுந்து நிற்கிறார். பெற்ற தாய் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள்.

"விடுடி. இது வெறும் சட்டை. கிழிஞ்சா கிழிஞ்சுட்டுப் போகுது."

சட்டையாம்! அது யார் சொல்லிக்கொடுத்த பேச்சு என்று எனக்குத் தெரியாதா?

ஆகஸ்ட் 5, புதன்

அண்ணன்தான். வேறு யார்? எங்கள் சபையின் போதகர். போன வருஷம் அப்பாவை அடக்கம் செய்த அன்று அவனேதான் பிரசங்கமும் செய்தான். மனிதன் என்றால் ஆத்துமா, உடம்பு அது போட்டிருக்கும் சட்டை, நைந்த சட்டையைக் கழற்றிப் போட்டதற்கு யாராவது அழுவார்களா என்று ஒரே உருக்கம். அண்ணி அதைப் போனில் பதிவு செய்து அம்மாவுக்கு அனுப்பிவைத்தாள். அம்மா தினமும் கேட்கிறாள். இப்போது அதைத் தன் இடுப்புக்கும் பொருத்திக்கொண்டாள்.

இதோ, பக்கத்து அறையில் அவன் குரல்தான் ஓடுகிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் நேரே ஆலயத்தின் பின்னறைக்குப் போனேன். அண்ணன் அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தான்.

"அந்தப் பிரசங்கம் தப்புன்னு அம்மாகிட்ட வந்து சொல்லு."

"என்ன பாப்பா, வந்ததும் வராததுமா?"

எனக்கு நாற்பத்தாறு வயது. இன்னும் பாப்பா.

கேட்டேன். வெளிச்சத்தை ஒரு வார்த்தையில் உண்டாக்கிய ஆண்டவர், மனிதனைப் படைக்க மட்டும் எதற்கு மண்ணில் கைவைத்தார்? சட்டை தைக்கவா? உயிர்த்தெழுந்து வந்தவரைப் பார்த்து ஆவி என்று சீஷர்கள் நடுங்கினார்களே, அப்போது அவர் கையையும் காலையும் காட்டி, மீன் வாங்கிச் சாப்பிட்டும் காட்டினாரே. சட்டைதான் என்றால் அதைக் கல்லறையிலேயே கழற்றிப் போட்டுவிட்டு வந்திருக்கலாமே? காயத்தோடு எதற்குச் சுமந்துகொண்டு வந்தார்?

"மீனைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்காத. இந்த உடம்பு ஒரு கூடாரம்னு வேதத்துல பவுல் எழுதியிருக்காரு. வசனம் இருக்கு."

"பவுல் கூடாரம் தைச்சுப் பிழைச்சவரு. கூடாரம் கிழிஞ்சா தைக்கிறதா, தூக்கிப் போடுறதான்னு அவருக்குத் தெரியாதா?"

அண்ணனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். அதே இடத்தில், உடுப்பை இழந்து நிற்க விருப்பமில்லை என்றும் பவுல் எழுதியிருக்கிறார். அந்த வரி வந்தால் மட்டும் அண்ணன் தாண்டிக் குதித்துவிடுவான். உங்கள் சரீரத்தைப் பலியாகக் கொடுங்கள், அதுதான் ஆராதனை என்று எழுதியதும் அதே ஆள்தான். ஆத்துமாவை மட்டும் கொடுத்தால் போதும் என்று எங்கே எழுதியிருக்கிறது? காட்டட்டும் பார்ப்போம். எல்லாவற்றையும் அவன் முகத்துக்கு நேரே கேட்டேன்.

அங்கியின் மடிப்பை நீவிக்கொண்டே இருந்தான். பிறகு குரல் இறங்கிவிட்டது. "அதைத் தப்புன்னு சொன்னா, அப்பாவைப் பத்திச் சொன்னதும் தப்புன்னு ஆயிடும். அம்மா தாங்க மாட்டாங்க."

அம்மாவா தாங்கமாட்டாள்? இல்லை, இவனா?

ஆகஸ்ட் 11, செவ்வாய்

அம்மாவின் முதுகின் கீழே ஒரு இடம் சிவந்திருக்கிறது. படுக்கைப்புண் இப்படித்தான் ஆரம்பிக்கும். மூச்சில் சளிச் சத்தமும் கேட்கிறது. டாக்டரிடம் சொன்னேன். "இந்த மாசம் நிக்கலேன்னா அப்புறம் நிக்கவே மாட்டாங்க. உங்களுக்கு நான் சொல்லணுமா?" என்றார்.

சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 13, வியாழன்

அம்மாவிடம் கத்திவிட்டேன். படுத்தே சாகப் போகிறாயா, அதற்கு வசனம் வேறு துணைக்கா என்று. அவள் கோபப்படவில்லை.

"உங்கப்பா பெட்டிக்குள்ள கிடந்தப்போ, எனக்கும் கூடவே படுத்துக்கணும் போல இருந்துச்சு. அது அவரு இல்ல, அவரு போட்டிருந்த சட்டைன்னு உங்கண்ணன் சொன்னான். அந்தப் பேச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வீட்டுக்கு நடந்து வந்தேன். அதைப் போய்ப் பிடுங்கப் பாக்குறியே?"

நடந்து வந்தாளாம். அந்தப் பிரசங்கம்தான் நடக்க வைத்ததாம். இப்போது என் கோபத்தை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

ஆனால் அம்மா, வெறும் சட்டை என்றால், அன்றைக்குப் பெட்டிக்குள் கையை விட்டு அப்பாவின் தலையை எதற்கு வாரிவிட்டாய்? வகிடு சரியில்லை என்று கலைத்துவிட்டு மறுபடியும் வாரினாயே? — கேட்க வாய் வரவில்லை.

ஆகஸ்ட் 14, வெள்ளி

வாக்கரில் இன்றைக்கும் துண்டு.

ஆகஸ்ட் 18, செவ்வாய்

எங்கிருந்து தொடங்குவது!

பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேலைக்கு வரும் அக்கா இன்று லீவு. எனக்கோ லீவு கிடைக்கவில்லை. அண்ணனைக் கூப்பிட்டேன். வந்தான். அம்மாவை எப்படித் தூக்க வேண்டும் என்று வாசலில் நின்றபடியே சொன்னேன். "எனக்குத் தெரியாதா? நீ கிளம்பு பாப்பா," என்றான். தெரிந்த லட்சணம்!

மதியம் வந்து கதவைத் திறந்தால், அம்மா சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள். சபையின் மேய்ப்பர் தரையில் மல்லாந்து கிடக்கிறார். அம்மாவை மூட்டை மாதிரி அலாக்காகத் தூக்கி நாற்காலியில் வைத்துவிட்டான். வைத்த கையோடு முதுகு பிடித்துக்கொண்டது, அப்படியே சரிந்துவிட்டான். போன் சமையலறையில் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. எடுக்க இரண்டு பேராலும் முடியவில்லை.

குனிந்து பார்த்தேன். எலும்பில் கோளாறு இல்லை, தசைப்பிடிப்புதான். அதன்பிறகு சும்மா இருப்பேனா?

"சட்டைதானே அண்ணா? கழட்டிப் போட்டுட்டு எழுந்து வா."

"சிரிக்க வைக்காத. உயிர் போகுது."

நான் சிரித்தேன். அவனும் முனகிக்கொண்டே சிரித்தான். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"தண்ணி கேட்டான்டி. இதோ, நாலடி தூரத்துல செம்பு. என் பிள்ளை கண்ணு முன்னாடி கிடக்குறான், ஒரு வாய் தண்ணி குடுக்க முடியல. என்ன ஜென்மம் இது!"

அப்பா போன அன்றுகூட அவள் இப்படி அழுது நான் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 19, புதன்

காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அதட்டல்.

"ஏய், ஊருக்கெல்லாம் வைத்தியம் பாக்குறவளே! இந்தத் துண்டை எடுத்து அந்தாண்ட போடு. இதை எப்படிப் பிடிக்கணும்?"

வாயில் நுரையோடு ஓடினேன்.

ஆகஸ்ட் 27, வியாழன்

கட்டிலிலிருந்து ஜன்னல் வரைக்கும். வழிநெடுக என்னைத் திட்டிக்கொண்டே நடந்தாள். திட்டுவதற்கு மூச்சு இருக்கிறது, நல்லது.

அந்தப் பதிவை இன்னமும் கேட்கிறாள். கேட்டுக்கொண்டே காலைத் தூக்கித் தூக்கி இறக்குகிறாள். கேட்கட்டும். அது அவளுக்கும் அப்பாவுக்கும் நடுவில் உள்ள விஷயம். ஆனால் அண்ணன்மேல் உள்ள கோபம் அப்படியேதான் இருக்கிறது. இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு பாவமாக வந்து நின்றால் போதுமா? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லட்டுமே.

செப்டம்பர் 13, ஞாயிறு

அம்மாவை ஆலயத்துக்கு அழைத்துப்போனேன். நடைபாதையோரம் சக்கர நாற்காலி, பக்கத்தில் நான். சுவிசேஷம் வாசிக்கும் நேரம் வந்தது. வழக்கம்போல எல்லோரும் எழுந்து நின்றார்கள். நான் திரும்புவதற்குள் அம்மா நாற்காலியின் பிரேக்கைப் போட்டுவிட்டு முன் பெஞ்சை எட்டிப் பிடித்தாள். தாங்குவதற்குக் கையை நீட்டினேன். ஒரு முறை முறைத்தாள். இழுத்துக்கொண்டேன்.

இன்றைய பகுதி மிகவும் சின்னது. சீஷர்கள் பயந்துபோய், ஏதோ ஆவியைப் பார்க்கிறோம் என்று நினைத்த இடத்தோடு முடிகிறது. ஆராதனைத் தாளில் அப்படித்தான் அச்சிட்டிருந்தது. அண்ணன் வாசித்து முடித்தான். எல்லோரையும் உட்காரச் சொல்ல நிமிர்ந்தான். அம்மா அப்போதுதான் பாதி எழுந்திருந்தாள். முழங்கால் நடுங்கிக்கொண்டிருந்தது.

அவன் பார்த்துவிட்டான். உட்காரச் சொல்லத் திறந்த வாயை மூடினான். பிறகு மறுபடியும் குனிந்து, தாளில் இல்லாததை வாசிக்க ஆரம்பித்தான். உயிர்த்தெழுந்தவர் அவர்களிடம் ஏன் கலங்குகிறீர்கள் என்று கேட்டது. கையைப் பாருங்கள், காலைப் பாருங்கள், தொட்டுப் பாருங்கள் என்று சொன்னது. சுற்றிலும் ஆட்கள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அண்ணன் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி வாசித்தான். தின்ன ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு, மீனை வாங்கி, அவர்கள் பார்க்கவே சாப்பிட்டார் என்று வந்தபோது அம்மா நிமிர்ந்து நின்றிருந்தாள்.

அதற்குப் பிறகுதான் அவன் புத்தகத்தை மூடினான்.

பிரசங்கத்தில் வழக்கம்போல அறுத்தான். உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாசலில் என்னைப் பார்த்து, "முதுகுக்கு என்ன பயிற்சி செய்யணும் பாப்பா?" என்று மட்டும் கேட்டான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மா ஒரே புலம்பல். "இன்னைக்குப் பாத்து அவ்வளவு நீளமா வாசிக்கணுமா? கால் விட்டுப்போச்சு எனக்கு."

"மீன் வரைக்கும் வாசிச்சான்மா," என்றேன்.