ஒரே மூடி

நவம்பர் 3, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. கடலுக்குப் போகத் தடை. அப்படியென்றால் போதை ஊசி போடும் ஆட்கள் ஐஸ் ஆலைக்குப் பின்னால்தான். பையில் அவர்களுக்குக் கொடுக்க ஆபீசில் தந்த புது ஊசிகள், ஆணுறை, பழைய ஊசிகளை வாங்கிப் போட டப்பா, பிஸ்கட். குடையை மறந்து தொலைத்தேன்.

கஜாவும் வேலுவும் இருந்தார்கள். ஒரே படகு. வேலுவின் அக்காவைக் கஜாவின் அண்ணன் கட்டியிருக்கிறான். அதனால் எப்போதும் மச்சான், மச்சான்தான். தையில் கஜாவுக்குக் கல்யாணம். காடாம்புலியூர்ப் பெண், சுமதி. காதல். இரண்டு வீட்டிலும் சண்டை ஓய்ந்து இப்போதுதான் சம்மதம்.

"கல்யாணத்துக்கு முன்னாடி எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்துடுடா."

"எனக்கு எதுக்குக்கா? நீ சொன்ன மாதிரி ஆளுக்கொரு ஊசிதான். மச்சானக் கேளு."

சந்தோஷமாக இருந்தது. கீழே பார்க்கும் வரை. ஊசி இரண்டு. மருந்து கலக்கிய பாட்டில் மூடி ஒன்று.

"இது என்னடா?"

"தனித்தனியா கலக்குனா ஒருத்தனுக்கு ஜாஸ்தி, ஒருத்தனுக்குக் கம்மி ஆயிடும். பங்குன்னா பங்குதான்க்கா" என்றான் வேலு.

கரையில் மீனைக் கொட்டி எல்லோர் கண்ணெதிரிலும் கூறு போடுவார்களே, அந்த நியாயம். அட பாவிகளா!

"குத்துன ஊசியத்தான மறுபடி இதுல முக்குறீங்க? அதுல இருக்கற ரத்தம் எங்கடா போவும்?"

வேலு மூடியைக் காலால் தள்ளிவிட்டான்.

நவம்பர் 4, செவ்வாய்

தலைவலி. ரேஷன் போகவில்லை.

எங்கள் விளக்கப் படத்தை எடுத்துப் பார்த்தேன். ஊசி மேல் பெரிய சிவப்புப் பெருக்கல் குறி. கலக்கும் மூடி இல்லை, தண்ணீர் இல்லை, வடிகட்டும் பஞ்சு இல்லை. ஊசி, ஊசி என்று கத்தினோம். அவர்களும் ஊசியை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். யார் மேல் கோபப்படுவது? இனி ஆளுக்கொரு மூடியும் பையில் போக வேண்டும். ஆபீசில் கேட்க வேண்டும்.

சாயங்காலம் கஜா போன். "அக்கா, டெஸ்டுக்கு சிதம்பரம் போவலாமா? இங்க வேணாம். ஒருத்தன் பாத்தா தொறமுகம் முழுக்கத் தெரிஞ்சிடும்."

நவம்பர் 6, வியாழன்

சிதம்பரம். பஸ்ஸில் நிற்க இடமில்லை. ஆஸ்பத்திரியில் கஜாவுக்குத் துணைக்கு என்று வந்த வேலுவும் ரத்தம் கொடுத்தான். தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். வெளியே வந்து அவர்களாகவே சொன்னார்கள். வேலுவுக்கு இல்லை, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். கஜாவுக்கு இருக்கிறது.

மாத்திரை உண்டு, விடாமல் சாப்பிட்டால் நன்றாக வாழலாம், கல்யாணமும் பண்ணலாம், ஆனால் பெண்ணிடம் மறைக்கக் கூடாது. உள்ளே ஆலோசகர் அம்மா சொன்னாராம். கஜா பாடம் ஒப்பிப்பது போல ஒப்பித்தான்.

பஸ் ஸ்டாண்டு எதிரில் டீ. பாதி குடித்த கிளாஸை வைத்துவிட்டு, எங்களிடமிருந்து தள்ளி நகர்த்தினான். வேலு அதை எடுத்து மடக்கென்று குடித்துவிட்டான்.

"டேய்!" கஜா பதறினான்.

"டீயில வராதுன்னு அக்காதான சொல்லிச்சு. இல்லியாக்கா?"

"வராதுடா." முந்தானையில் மூக்கைத் துடைத்தேன். கடைக்காரன் பார்த்தான். பார்க்கட்டும்.

பஸ்ஸில் கஜா கேட்டான். "சுமதிகிட்ட நீ சொல்றியாக்கா?"

"நீதான் சொல்லணும்."

"சொன்னா வுட்டுட்டுப் பூடும்."

"போனாலும் போவும்டா." அவளுக்குத் தெரியாமல் தாலி ஏறக் கூடாது. பாவம், இரண்டு பேருமே.

நவம்பர் 7, வெள்ளி

வெயில். மூன்று நாள் துணி மாடியில். காஸ் பதிய வேண்டும்.

எட்டு மணிக்குக் கஜா போன். "அக்கா, காடாம்புலியூருக்கு எங்க பஸ் ஏறணும்?"

இரண்டு வருஷமாகப் போய் வருகிறவன்.

"பண்ருட்டி போயி மாறுடா."

"ம்." போனை வைக்கவில்லை.

"இரு, பொடவ மாத்திக்கிட்டு வரேன். நான் வெளியதான் நிப்பேன். நீதான் பேசணும்."

"சரிக்கா."