மேளம் இல்லாத காட்சி

இன்று காலை மாரிகுப்பம் ரயிலில், பெண்கள் பெட்டியில், எனக்கு எதிரே இரண்டு கல்லூரிப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தி இயர்போனின் ஒரு முனையைத் தன் காதில் மாட்டிக்கொண்டு மற்றதைத் தோழியிடம் நீட்டினாள். இருவரும் ஒரே போனின் மேல் குனிந்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நாமும் அப்படித்தான் அந்தப் படத்தைப் பார்த்தோம். நீ ஒயிட்ஃபீல்டில் இறங்கிவிடுவாய். நான் கன்டோன்மென்ட் வரை போய்க் கண்ணாடிக் கடையில் பில் போட உட்கார வேண்டும். அதனால் போகும்போது பாதிப் படம், திரும்பும்போது மீதி.

லாரி ஓட்டுநர் ஒருவரின் வீட்டுக் கதை அது. பெரிய மகன் விபத்தில் இறந்துபோகிறான். சேதி வருகிற காட்சியில் கேமரா தாயின் முகத்துக்குப் போகாது. கூடத்தில் நின்றபடி சமையலறையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அடுப்பில் பால் பொங்கி வழியும். வாசலில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்க்கிற சத்தம் கேட்கும். இசை துளியும் கிடையாது. அந்த இயக்குநருக்கு எல்லாப் படத்திலும் இதுதான் வழக்கம். சந்தோஷத்துக்குப் பாட்டு வைப்பார். துக்கம் வந்ததும் வாத்தியங்களை நிறுத்திவிடுவார். பக்கத்து வீட்டுக்காரர் வந்து நிற்கிற இடத்தில் கேமராவை நிறுத்தி, வெட்டாமல் காத்திருப்பார். கதை என்னவோ நூறு படத்தில் வந்ததுதான். அவர் அப்படிக் காத்திருப்பதால் நம் லைன் வீட்டு வரிசையில், நாலு வீடு தள்ளி நடந்ததுபோல ஆகிவிடும்.

எனக்கு முதலில் பிடிக்கவில்லை. "இன்னாடி இவன், அழக்கூட விடமாட்டேங்கிறான்" என்றேன்.

"அழு, யாரு வேணாம்னா? வேற ஒருத்தனா இருந்தா வயலினைப் போட்டு, இப்ப அழுங்கன்னு முதுகுல தள்ளியிருப்பான். நம்ம ஆளு தள்ளமாட்டான். அவ்ளோதான்" என்றாய். அவர் பெயரை நாம் சொன்னதே இல்லை. எப்போதும் 'நம்ம ஆளு'.

பிறகு உன் மார்பில் கட்டி வந்தது. முடி கொட்டி, தலையில் துணி சுற்றிக்கொண்டு நீ மறுபடி வேலைக்கு வரத் தொடங்கிய நாட்களில் ஒருநாள், பங்காரப்பேட்டையில் வண்டி நின்றிருந்தது. நீ காதிலிருந்து இயர்போனை எடுத்தாய்.

"நான் போய்ட்டா மேளம் வேணாம்டி. நம்ம ஆளு படம் மாதிரி கம்முனு இருக்கட்டும். அண்ணன்கிட்ட நீதான் சொல்லணும்."

"இன்னா பேச்சுடி இது?"

"நெசமாத்தான் சொல்றேன். அம்மாகிட்ட என்னால இதைச் சொல்ல முடியாது."

நான் சரி என்றேன். அந்தப் பேச்சு அதோடு நின்றால் போதும் என்றுதான் அப்போது இருந்தது.

நீ போன அன்று, நான் வந்து சேர்வதற்குள் மேளக்காரர்கள் வந்துவிட்டிருந்தார்கள். லைன் முனையில் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். உன் அண்ணனைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். அவர் போய் அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். பூப்பல்லக்குத் தயாரானது. உள்ளேயிருந்து உன் அம்மா கேட்டார்: "மேளம் ஏன்டா அடிக்கல? எம்பொண்ணு இன்னா அனாதையா?"

நான்தான் சொன்னேன்: "அவதான்மா வேணாம்னு சொன்னா."

"உன்கிட்ட சொன்னாளா?" என்றார் அம்மா. "எங்கிட்ட சொல்லலியே."

உன்னைத் தூக்கியபோது அவர் கத்தினார். எத்தனையோ சாவுகளில் தாய்மார்கள் அழுது பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் குரலை அதுவரை நான் கேட்டதில்லை. கேட்கவிடாமல் ஒவ்வொரு முறையும் பறை அதன்மேல் விழுந்திருக்கிறது. அன்றைக்கு மூட எதுவும் இல்லை. மூச்சு முட்டி நிற்பதும் மறுபடி கிளம்புவதும் லைன் முழுக்கக் கேட்டன. யார் வீட்டிலோ குக்கர் விசில் அடித்தது. நீ கேட்ட காட்சி அப்படியே அமைந்துவிட்டது. வாசலில் நின்றிருந்த எனக்குக் காதைப் பொத்திக்கொள்ளலாம் போலிருந்தது. துக்கத்துக்கு வாத்தியம் வைப்பது பொய் என்று நாம் இருவரும் எவ்வளவு சுலபமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்!

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவைப் பார்க்கப் போவேன். டீ கொடுப்பார், பேச்சு கொடுக்கமாட்டார். போன வாரம் திடீரென்று கேட்டார்: "அது இன்னா படம்டி? எனக்குக் காட்டு."

என் போனைச் சொம்பின்மேல் சாய்த்துவைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பால் பொங்குகிற இடத்தில் அம்மா திரையைப் பார்த்து, "அடுப்ப அணைங்கடி யாராவது" என்றார். படம் முடிந்து பெயர்கள் ஓடி மறைந்தபின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதை எடுத்தவன் வூட்ல யாரோ செத்திருக்காங்க. பொய் சொல்லல அவன்."

எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அவர் முடிக்கவில்லை.

"ஆனா வெளிய நின்னு பாக்குறான்டி. அவனுக்கு மேளம் வேணாம். உள்ள இருந்தாளே பெத்தவ, அவளுக்கு வேணும்."

நீ இருந்திருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பாய் என்று யோசித்துப் பார்க்கிறேன். உனக்கும் அவருக்கும் இடையில் நடந்திருக்க வேண்டிய பேச்சு இது. என்னிடம் பாதியும் அவரிடம் பாதியுமாக விட்டுவிட்டுப் போய்விட்டாய். அதற்காக உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது.

கிளம்பும்போது அம்மா சொன்னார்: "வர்ற மாசம் அவளுக்கு வருஷம். சமாதிக்குப் பூ போடப் போறப்ப மேளம் வெக்கச் சொல்லியிருக்கேன். நீ குறுக்க வராத."

"வரமாட்டேன்மா" என்றேன்.

ஒருமுறை உன் சொல்லைக் காப்பாற்றினேன். அது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. வரும் மாதம் பறை அடிக்கும்போது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பேன். அவர் எவ்வளவு வேண்டுமானாலும் கத்தட்டும், யாருக்கும் கேட்காது. நீ கோபித்துக்கொள்வதானால் கோபித்துக்கொள்.