என் மகளின் முறையைத் தாண்டிப் போனவருக்கு

சார்,

நேற்று பள்ளிக்கூடத்தில் உங்கள் பீரோவின் பூட்டை உடைத்தார்கள். சாவி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. புதிதாக வந்திருக்கும் டீச்சர் என்னைக் கூப்பிட்டு ஓர் அட்டைப்பெட்டியைக் கொடுத்தார். திறந்ததும் அந்துருண்டை நாற்றம் குப்பென்று அடித்தது. உள்ளே என் மகள் வள்ளிக்காகச் செய்த வார்த்தை அட்டைகள், துளி அழுக்குக்கூடப் படாமல். செத்தவரைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டத்தான் எழுதுகிறேன்.

வள்ளிக்குப் பிறவியிலேயே வாய் குழறும், கை சொன்ன பேச்சைக் கேட்காது. புத்தி தெளிவு. பொன்னேரியிலிருந்து வாரம் ஒருமுறை பஸ் பிடித்து வந்த சிறப்பு டீச்சர்தான், இவள் வாய்விட்டுப் படிக்க வேண்டாம், கண்ணால் படித்து அட்டையைத் தொட்டுக் காட்டினால் போதும் என்று வழி சொன்னார். இறால், நண்டு, மடவை என்று அவளுக்குத் தெரிந்த பெயர்களாகப் பார்த்து எழுதினார். நீங்கள் வாங்கிப் பூட்டி வைத்தீர்கள். "அழுக்காயிடும்பா. ஆபீசர் வந்தா காட்டணும்." ஆபீசர் வந்தார், பாராட்டினார், போனார். மறுபடியும் பூட்டு.

வகுப்பில் ஒவ்வொருவராக எழுப்பிப் படிக்க வைப்பீர்கள். வள்ளியிடம் வந்ததும் "அடுத்து" என்பீர்கள். அதை ஜன்னல் வழியே பார்த்துவிட்டு வந்த அவள் அம்மா அன்று சோறு தின்னவில்லை.

நான் வந்து கேட்டேன். "சார், எங்க ஏரியில பாடுன்னு ஒண்ணு இருக்குது. எந்த எடத்துல இன்னிக்கு யார் வலை போடணும்னு முறை. ஆளு கால் ஒடிஞ்சி படுத்துக் கெடந்தாலும் அவன் முறைய எவனும் தாண்ட மாட்டான். அவன் ஊட்டுக்காக வேற ஆளு எறங்குவான். எம்பொண்ணு முறைய மட்டும் நீங்க எப்டி தாண்டுறீங்க?"

சிரித்தீர்கள். "படிப்பும் மீனும் ஒண்ணாப்பா? அதுக்கு இன்னா தெரியும்? சும்மா ஒக்காந்துட்டுப் போவட்டும், பாஸ் போட்டுடறேன்."

அது! என் மகள் உங்களுக்கு அது. சொன்னபடியே ஐந்தாவது வரைக்கும் பாஸ் போட்டீர்கள், அவளுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாமல். அப்புறம் நானும் அந்தப் பொன்னேரி டீச்சரும் மீன் பெட்டி மூடிகளில் எழுதி எழுதி, முதலிலிருந்து ஆரம்பித்தோம். ஏழு வயதில் வந்திருக்க வேண்டிய படிப்பு பதினாலு வயதில் வந்தது. அந்த வருஷங்களை யாரிடம் போய்க் கேட்பது?

நீங்கள் போன செய்தி வந்ததும் ஊரே மாலையோடு கிளம்பியது. நான் வலையைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வள்ளி என் போனை வாங்கி ஒற்றை விரலால் வெகுநேரம் தட்டி நீட்டினாள். "நைனா, சாரை பாக்க போலாம்."

"அந்தாளு ஒனக்கு இன்னா பண்ணான்னு போற?" என்று கத்தினேன்.

திரும்பவும் தட்டினாள். "சார் முன்னாடி ஒரு வாட்டி படிச்சி காட்டணும்."

அந்த வரியை நான் அழிக்கவில்லை. போகட்டும், மனுஷன்தானே என்று உங்கள் மேல் மனசு இளகும்போதெல்லாம் எடுத்துப் படித்துக்கொள்கிறேன்.