காய்ந்த கையில் அணைந்த சூடம்

சூடத்தை ஏற்றக்கூட வேண்டாம். டப்பாவைத் திறந்தாலே போதும், வாசனை வீடு முழுக்கப் போய் உட்கார்ந்துகொள்ளும். இன்று காலையில் திறந்தேன். ஏன் திறந்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். திறந்ததும் உங்கள் நினைப்பு வந்தது. நல்ல நினைப்பு இல்லை. செத்தவரைக் குறை பேசக் கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோது பேச விட்டீர்களா? அதனால் இப்போது கடிதம் எழுதிப் பேசுகிறேன்.

கூடத்துச் சுவரில் உங்கள் படம் தொங்குகிறது. நீங்கள் ஆதரவு கொடுத்த கட்சிக்காரர்கள் கொண்டுவந்து மாட்டியது. கீழே 'சொன்ன சொல் தவறாதவர்' என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புருஷன் படத்தின் முன்னால் நின்று சிரிக்கலாமா? அடுப்படிக்குள் போய்ச் சிரித்துவிட்டு, எல்லாருக்கும் காப்பி கொண்டுவந்தேன்.

முதல் பொதுத் தேர்தலில் நீங்கள் சுயேச்சையாக நின்றீர்கள். ஏணிச் சின்னம். நம் ஊர்க் கோயில் நிலத்தைத் தலைமுறை தலைமுறையாக விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்கு உழுத குடிகளை விரட்டிவிட்டு, தங்கள் ஆட்களிடம் விடத் தர்மகர்த்தாக்கள் துடித்துக்கொண்டிருந்த நேரம் அது. எதிரே நின்றவர்கள் எல்லாருமே அந்தத் தர்மகர்த்தாக்களுக்கு வேண்டியவர்கள். குடிகளுக்கு உங்களை விட்டால் நாதி இல்லை. நீங்கள் அம்மன் கோயில் முன்னால் அவர்களைக் கூட்டி, சூடம் அணைத்துச் சத்தியம் செய்தீர்கள். "எவன் மந்திரிசபை அமைச்சாலும் சரி, குடிகள வெளியேத்த மாட்டோம்னு எழுத்துல வாங்காம என் ஆதரவு கெடையாது" என்றீர்கள்.

நம் பக்கத்தில் சூடம் அணைப்பது விளையாட்டுக் காரியம் இல்லை. எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டால் அதற்கு மேல் பேச்சே கிடையாது. ஆனால் கை காய்ந்திருக்க வேண்டும். ஈரக் கையால் அணைத்தால் சுடாது, சத்தியத்தில் சேராது. நீங்கள் அன்று குளத்தில் முங்கி எழுந்து ஈர வேட்டியோடுதான் வந்தீர்கள். ஆனாலும் தோள் துண்டில் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டுதான் தட்டில் கையை வைத்தீர்கள். நான் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் கையை உதறிக்கொண்டு, "ஏட்டி, கையி வெந்துபோச்சுட்டி" என்று சின்னப் பிள்ளை மாதிரி நீட்டினீர்கள். உள்ளங்கை நடுவில் கொப்புளம். நான்தான் வெண்ணெய் வைத்தேன். அன்று உங்கள் மேல் எனக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் என்ன செய்திருப்பீர்கள்?

அதற்குப் பிறகு நானும் இறங்கினேன். வாசற்படி தாண்டாத வீட்டுப் பெண் வீடு வீடாகப் போனேன். அப்போது ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி வைத்து, மேலே சின்னத்தை ஒட்டியிருப்பார்கள். எந்தப் பெட்டியில் சீட்டைப் போட வேண்டும் என்று பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். கோயில் நிலத்தை உழுத மாடத்தி மட்டும் சுலபத்தில் விடவில்லை.

"அண்ணாச்சி பேச்சு மாற மாட்டாவள்ளா, ஆச்சி?"

"அவிய மாறினா என்னயக் கேளு" என்றேன். யோசிக்கவே இல்லை, சொல்லிவிட்டேன். அவள் அன்று பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுச் சீட்டைப் போட்டதாகச் சொன்னார்கள்.

ஜெயித்தீர்கள். சென்னையில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை என்று பேப்பரில் வந்தது. அவ்வளவுதான், சுயேச்சைகளுக்கு மாப்பிள்ளை யோகம் அடித்துவிட்டது. மந்திரிசபை அமைக்க ஆள் சேர்த்த கட்சிக்காகத் தென்காசி அரிசி மில் முதலாளி திரை போட்ட காரோடு வந்து நின்றார். "குடும்பத்தோட நாலு நாள் குத்தாலத்துல இருங்க அண்ணாச்சி, ஒடம்புக்கு நல்லது" என்றார். பங்குனி மாசத்தில் குற்றாலத்துக்கு யார் போவார்கள்? அருவி நூலாக ஒழுகிக்கொண்டிருந்தது. கடைகள் பூட்டிக் கிடந்தன. குரங்குகளும் சுயேச்சைகளும்தான் அங்கே இருந்தார்கள். வேறு சுயேச்சைகளும் மனைவிமாரோடு அதே பங்களாவில் அடைந்துகிடந்தார்கள். பெண்களைக் கூட்டிவந்தது ஊர்க் கண்ணுக்கு, உல்லாசப் பயணம் என்று காட்டுவதற்கு. மத்தியானம் இலை போட்டார்கள். தேங்காய்ப்பால் சொதி! கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்கு வைக்கிற அதே சொதி, இஞ்சித் துவையலோடு. நீங்கள் இரண்டாம் தரம் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டபோதே எனக்கு விளங்கிவிட்டது.

நடையில் நின்று கேட்டேன்.

"எழுத்துல வாங்கியாச்சா?"

"ஏட்டி, வெளிய நின்னு கத்தினா ஒண்ணும் நடக்காது. உள்ள போனாத்தான் ஏதாச்சும் செய்யலாம்."

"சரி, போங்க. போறதுக்கு முன்னால வாங்கினீயளான்னுதானே கேக்கேன்?"

"பெறகு பேசிக்கிடலாம்னு சொல்லியிருக்காவ."

"ஒங்களுக்கு என்ன சொல்லியிருக்காவ?"

நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டீர்கள். மில் முதலாளியின் மனைவிதான் சொன்னாள், ஏதோ ஒரு கமிட்டிக்கு நீங்கள் தலைவராம், சென்னையில் வீடு உண்டாம். வாழ்த்துச் சொல்கிறாளாம்.

அன்று சாயங்காலம் பங்களாக் கூடத்திலும் ஒரு தட்டில் சூடம் எரிந்தது. யாரும் பேச்சு மாறிவிடக் கூடாது என்று மில் முதலாளியின் ஏற்பாடு. வரிசையாக அணைத்தீர்கள். கூட்டணி என்று பேப்பரில் பெரிய எழுத்தில் போட்டார்கள். பல பேர் சேர்ந்து ஆளட்டும், அதில் எனக்கு ஒரு விரோதமும் இல்லை. பேசி வாங்கிக்கொண்டு சேர்ந்திருந்தால் உங்களைத் தலையில் வைத்துக் கொண்டாடியிருப்பேன். ஆதரவு தேடி அவர்கள் அலைந்த நாலு நாளில் நீங்கள் எதைக் கேட்டிருந்தாலும் கிடைத்திருக்கும். குடிகளுக்காக நீங்கள் வாயைத் திறக்கவே இல்லை.

ஊருக்குத் திரும்பியதும் குடிகள் அம்மன் கோயில் முன்னால் கூடிவிட்டார்கள். நீங்கள் திருநீறு பூசிக்கொண்டு நிதானமாக நின்றீர்கள். கோர்ட்டில் வழக்குப் பேசுகிற வக்கீல்கூட உங்களிடம் தோற்றுப்போவார்.

"அன்னைக்கு நான் கொளத்துல முங்கி அப்படியே ஈரத்தோட வந்தேன். எல்லாரும் பாத்தீய. ஈரக் கையால அணைச்ச சூடம் சத்தியத்துல சேராதுன்னு ஒங்களுக்குத் தெரியாததா? அம்மன் என்னய ஒண்ணும் கேக்க மாட்டா."

கூட்டம் குழம்பிவிட்டது. ஈர வேட்டியை எல்லாரும் பார்த்திருந்தார்கள். துண்டில் துடைத்ததை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்? ஒரு கிழவர் தலையைக்கூட ஆட்டிவிட்டார். அப்போதுதான் மாடத்தி உங்களை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஆச்சி, ஒங்களத்தான் கேக்கச் சொன்னீய. கையி ஈரமாவா இருந்துச்சு?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வை இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. பயம் இல்லை அதில். இவள் என்ன சொல்லிவிடப் போகிறாள் என்கிற தைரியம்.

"காஞ்ச கைதான். கொப்புளம் வந்துச்சு. நான்தான் வெண்ணெ வச்சேன்" என்றேன்.

ஊர்ச் சட்டமெல்லாம் தெரிந்தவர், வெண்ணெய் வைத்தவளை எப்படி மறந்தீர்கள்? அடுப்படிக்காரியெல்லாம் சாட்சிக் கணக்கில் சேர மாட்டாள் என்று நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. கூட்டத்தில் ஒருவரும் கத்தவில்லை, உங்கள் மேல் ஒரு மண்ணாங்கட்டிகூட விழவில்லை. ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள். மாடத்தி மட்டும் நின்று உங்கள் வலது கையையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனாள்.

வீட்டில் நீங்கள் சொன்னது ஒரே வார்த்தை: "புருசனக் காட்டிக் குடுத்தவ." அதற்குப் பிறகு என் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. சென்னை, கமிட்டி, கார் என்று இருந்தீர்கள். நான் இந்த வீட்டில் இருந்தேன். மந்திரிசபை நிலைத்தது. அடுத்த நடவுக்குள் குடிகளை நிலத்தை விட்டு விரட்டிவிட்டார்கள். மாடத்தி குடும்பம் புளியங்குடிக்குப் போய் எலுமிச்சை மண்டியில் மூட்டை தூக்கியது. உங்கள் சத்தியத்தை நம்பிக் கெட்டது அந்தக் குடும்பம். என் வாக்கையும் நம்பித்தான்.

ஏற்றிவிட்ட ஏணியை எட்டி உதைத்தவர் அடுத்த தேர்தலில் மறுபடி அதே ஏணியோடு வந்தீர்கள். டெபாசிட் போயிற்று. அன்றைக்கு நான் பாயசம் வைத்தேன். நீங்கள் ஊரில் இல்லை, இருந்தாலும் வைத்திருப்பேன். கடைசியில் படுக்கையில் விழுந்து இங்கே வந்தபோது கஞ்சி ஊட்டினேன். வாயைத் திறந்து குடித்தீர்கள். அந்த வாயால் ஒரு தரம், ஒரே ஒரு தரம், "நீ சொன்னதுதான் நெசம்" என்று சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இருந்திருக்காது. நீங்கள் போன அன்று நம் பிள்ளைகளுக்காக அழுதேன். உங்களுக்காக அழ வரவில்லை.

இப்போது மறுபடி தேர்தல். இந்தத் தடவையும் யாருக்கும் முழுசாகக் கிடைக்காது என்று பேசிக்கொள்கிறார்கள். இன்று காலை மில் முதலாளியின் மகன் வேட்பாளராக வந்து உங்கள் படத்துக்கு மாலை போட்டான். தோளில் புதுத் துண்டு, முகமெல்லாம் பல்.

"ஆச்சி, நீங்க ஊருக்குள்ள ஒரு வார்த்த சொன்னாப் போதும். பொம்பளைக ஓட்டு பூரா நமக்குத்தான். ஜெயிச்ச ஒடனே ரோடு, தண்ணி, குடிகளுக்கு நெலம், எல்லாத்துக்கும் நான் சத்தியம் பண்ணுதேன்."

"அப்படியா, நல்லதுய்யா. இரி" என்று உள்ளே போனேன். தட்டை எடுத்தேன். சூட டப்பாவைத் திறந்தேன். ஒரு வில்லையை நடுவில் வைத்து, அவன் முன்னால் முக்காலியில் கொண்டுவந்து வைத்தேன். பக்கத்தில் தீப்பெட்டி. கொடியில் கிடந்த துண்டையும் உருவி நீட்டினேன்.

"மொதல்ல கைய நல்லாத் தொடைச்சுக்கோ."

சிரித்தான். நான் சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்தான், துண்டைப் பார்த்தான், சுவரில் உங்களைப் பார்த்தான். "தென்காசில ஒரு ஜோலி இருக்கு ஆச்சி, பெறகு வாரேன்" என்று எழுந்தான். வந்ததும் நான் கொடுத்த காப்பி ஆறிக்கொண்டிருந்தது, தொடக்கூட இல்லை.

ஏற்றாத சூடம் தட்டிலேயே காற்றில் கரைந்துகொண்டிருக்கிறது, கரையட்டும். துண்டைத் துவைத்து மறுபடி கொடியில் போட்டிருக்கிறேன். அடுத்த கட்சிக்காரன் நாளைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.